வேனில் ஊற்றிய தண்ணீர் எங்கே போனது

என் அண்ணன் எண்பது பேருக்கு முன்னால் என்னைப் பற்றிப் பொய் சொன்னார். தெலுக் இந்தானில், சொந்தக்காரப் பிள்ளைக்குக் காது குத்திய வீட்டில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "காடிக்குத் தண்ணி பாக்கத் தெரியாது. இவகிட்ட சாவியக் குடுத்தது நம்ம தப்புலா." காடி என்று அவர் சொன்னது எங்கள் வேனை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நடந்தது இதுதான். அன்று காலை குடும்பத்தில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு நான்தான் வேனை ஓட்டினேன். பாதி வழியில், இரண்டு பக்கமும் செம்பனை மட்டும் நிற்கிற இடத்தில், சூடு காட்டும் முள் ஏறியது. உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. ஆறும்வரை காத்திருந்து, கையில் இருந்த குடிதண்ணீர் போத்தல்களை ரேடியேட்டரில் ஊற்றினோம். ஐந்து போத்தல் குடித்தது. மீதி வழி அண்ணன் ஓட்டினார். இறங்கும்போது சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பக் கொடுக்கவில்லை.

எங்கள் ஊரான லகாட்டில் எங்கள் வீடும் அண்ணன் வீடும் அடுத்தடுத்த வீடுகள். வேன் இரண்டு வீட்டுக்கும் பொது. ஆனால் தினமும் அதை ஓட்டுவது நான். ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனுக்குச் சமைத்துக் கொண்டுபோகிறேன். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, மீ கோரெங் என்கிற பிரட்டிய நூடுல்ஸ், ஒரு பானைச் சம்பல். நாற்பத்தொரு வயதில்தான் லைசென்ஸ் எடுத்தேன். அதுவரை எங்கே போவதென்றாலும் யாராவது கூட்டிப்போகட்டும் என்று வாசலில் நின்றவள் நான். சாவி போன பிறகு மறுபடி அதே வாசல். அண்ணன் குளித்து, காப்பி குடித்து, பேப்பர் பார்த்துவிட்டு வருவார். இரண்டு நாள், பள்ளியில் இடைவேளை மணி அடித்த பிறகுதான் சாப்பாடு போய்ச் சேர்ந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

கோபம் இருந்தது. ஆனால் ஒரு கேள்வி அதைவிட அதிகமாக அரித்தது. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் தண்ணீர் பார்ப்பவள். பானெட்டுக்குள் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு கோடு உண்டு. தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். காது குத்துக்கு முதல் நாளும் நின்றது. அப்படியென்றால் ஐந்து போத்தல் எப்படிக் குடித்தது?

வேனுக்கு அடியில் மீஹூன் சேமியா வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் ஒரு சொட்டுக்கூட இல்லை. அதற்கு அடுத்த நாளும் அட்டை காய்ந்து கிடந்தது. ஒழுகாத தண்ணீர் எங்கே போகும்? பானெட்டைத் தூக்கி அதன் உள்பக்கத்தைப் பார்த்தேன். நடுவில் இளஞ்சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகக் காய்ந்திருந்தது. நாங்கள் ஊற்றும் கூலண்ட் அந்த நிறம்தான். முகர்ந்தால் ஒரு இனிப்பு வாடை. கீழே விழாமல் மேலே தெறித்திருக்கிறது. தெறித்தது சூட்டில் காய்ந்துவிட்டது.

அப்போதுதான் என் பழைய குக்கர் ஞாபகம் வந்தது. அதன் ரப்பர் வளையம் கிழிந்திருந்தபோதும், அடுப்பில் ஏற்றாதவரை ஒன்றும் தெரியாது. ஆவி கட்டினால்தான் பீச்சும். வேனையும் சூடேற்றித்தான் பார்க்க வேண்டும். அதற்குச் சாவி வேண்டும்.

அண்ணன் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணி சாவியோடு வந்தார்.

"என்னா நாத்தனாரே, காடிக்கு டாக்டர் ஆயிட்டியா?"

"சாவி எப்படிக் கிடைச்சுச்சு?"

"காலையில கழட்டிப் போட்ட சட்டையில இருந்துச்சு. அவரு வாரதுக்குள்ள திரும்ப வெக்கணும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்கு இதே வேலையாப் போச்சு."

எஞ்சினை முடுக்கிவிட்டு டார்ச்லைட்டோடு முன்னால் வந்து நின்றேன்.

"வெடிச்சிராதுலா?"

"வெடிச்சா உங்க வீட்டுக்காரருக்குத்தான் சந்தோசம். தள்ளி நில்லுங்க அண்ணி."

முள் நடுவுக்கு வந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அண்ணிதான் முதலில் பார்த்தார். "அங்க பாரு. முடி மாதிரி."

ரேடியேட்டரின் மேல்பக்கத்திலிருந்து எஞ்சினுக்குப் போகிற தடித்த ரப்பர் ஹோஸ். அதிலிருந்து ஒரு முடி கனத்தில் தண்ணீர் பீச்சியது. பீச்சிய இடத்தில் ஒரு கம்பி சுற்றியிருந்தது.

அந்தக் கம்பியை எங்கள் இருவருக்கும் தெரியும். வேனை வாங்கியபோது, அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பழைய எஸ்டேட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டோம். அங்கே இப்போது ரப்பர் இல்லை, கோயில் இருக்கிறது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி முடிந்ததும், முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்ட வேண்டும். நூலில் கட்டினால் மழையில் அறுந்துவிடுகிறது என்று அண்ணன் கம்பி எடுத்தார். முன்பக்கப் பிளாஸ்டிக்கில் உறுதியாகக் கட்ட இடமில்லை. பானெட்டைத் திறந்து, கம்பியின் ஒரு முனையை அந்த ஹோஸைச் சுற்றிக் குறடால் முறுக்கி, மறுமுனையை இடுக்கு வழியாக வெளியே விட்டார். "இனி ஆயுசுக்கும் விழாது" என்றார். நல்ல வேலை என்று நானும் சொன்னேன்.

சனிக்கிழமைதோறும் பழைய பழத்தை உருவிவிட்டுப் புதுப் பழம் குத்தியது நான். குத்திய பிறகு விழுமா என்று பார்க்க ஒரு இழுப்பு இழுப்பேன். இரண்டு வருடமாக இழுத்திருக்கிறேன். ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பி ரப்பருக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இதை நான் மறைக்கவில்லை.

எஞ்சினை நிறுத்திய பிறகும் அங்கிருந்து நகர மனம் வரவில்லை. சூடு இறங்க இறங்கப் பீச்சல் நின்றது. பிறகு அந்த வெட்டின் மேல் நின்ற சொட்டு மெல்ல உள்ளே போனது. ஹோஸ் காற்றை உறிஞ்சியது. வெள்ளைத் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் அசையவே இல்லை. அப்போதுதான் விளங்கியது. ஆறும்போது ரேடியேட்டர் அந்தத் தொட்டியிலிருந்துதான் தண்ணீரை இழுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வேன் வெட்டு வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் தொட்டியில் கோட்டளவு அப்படியே நிற்க, ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே வந்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். பார்க்க வேண்டியது அந்த ஒரு இடம் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கும் தெரியாது.

நன்றாக ஆறிய பிறகு கம்பியை வெட்டி எடுத்தேன். இரண்டு பக்கக் கிளிப்பையும் தளர்த்தினேன். ஹோஸ் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. திருகித் திருகிக் கழற்றினேன். மிச்சமிருந்த தண்ணீர் கையெல்லாம் வழிந்தது. அண்ணி மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு ஸ்பேர்பார்ட் கடைக்குப் போனார். கடைக்காரச் சீனர் பழைய ஹோஸில் இருந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எலியா கடித்தது என்று கேட்டார். அண்ணி சிரித்த சிரிப்பில் மோட்டார் சாவியைக் கீழே போட்டுவிட்டார்.

புது ஹோஸை மாட்டிக் கிளிப்பை முறுக்கினேன். கூலண்ட் ஊற்றினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை முடுக்கினேன். உள்ளே சிக்கியிருந்த காற்று, உலை கொதிப்பதுபோல் குமிழ் குமிழாக வந்தது. குமிழ் வர வரத் தண்ணீர் இறங்கியது, இறங்க இறங்க ஊற்றினேன். குமிழ் நின்றதும் மூடினேன். அந்தக் குமிழ்களை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

அந்த நேரத்தில் அண்ணன் வந்துவிட்டார்.

"சாவிய யாரு குடுத்தா?"

"நான்தான்" என்றார் அண்ணி.

பழைய ஹோஸையும் கம்பியையும் அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்பி கட்டாத காடியெல்லாம் ஓட்டை ஆவுறது இல்லையா?"

"ஆவுது. இது கம்பியால ஆயிருக்கு. வெட்டுல அந்தக் கம்பிய வெச்சுப் பாருங்க, அப்படியே உக்காரும்."

வைத்துப் பார்த்தார். உட்கார்ந்தது.

"வாரா வாரம் புடிச்சு இழுத்தது யாரு? நீதானே?"

"நான்தான். கட்டுனது யாரு?"

"சாமிக்காகக் கட்டுனேன்லா."

"அதுக்காக சாமி தலையில போட்டுராதீங்க" என்றார் அண்ணி.

அவர் ஹோஸைத் தரையில் வைத்தார். "சரி, சாவிய நீயே வெச்சுக்க. ஆனா இத வெளிய பேசிக்கிட்டு இருக்காத. அசிங்கம்."

சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. சாப்பாடு மணி அடிப்பதற்கு முன் போய்ச் சேர்கிறது. ஆனால் போன வாரம் பாசாரில், அன்று பந்தியில் இருந்த ஒரு அக்கா என்னைப் பார்த்து, "இன்னும் நீயா ஓட்டுற? உன்ன நம்பிப் புள்ளைங்கள ஏத்துறாங்களா?" என்று கேட்டார். மீன் வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் மெதுவாகச் சொன்ன 'சரி' அந்த அக்கா காதுக்குப் போகவில்லை. போகவும் போகாது.

அண்ணே, வருகிற எஸ்டேட்டுக் கோயில் திருவிழாவுக்குத் தெலுக் இந்தான்காரர்கள் அத்தனை பேரும் வருகிறார்கள். அன்னதானத்துக்கு உட்காருவதற்கு முன் எழுந்து நின்று, அந்த ஹோஸை அறுத்தது யார் கட்டிய கம்பி என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.