யார் வீட்டு விருந்தாளி?

போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன். பழைய நண்பர் ஒருவர் புது வீடு கட்டியிருக்கிறார். கதவைத் தட்டினேன். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி ஓட்டை. அதற்குப் பின்னால் ஒரு கண் வந்து நின்றது.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம்! பெயர், ஊர் எல்லாம் ஒப்பித்த பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. "காலம் கெட்டுக் கெடக்குய்யா. யாருன்னு கேட்டுட்டுத்தான் தெறக்கணும்" என்று சிரித்தார் நண்பர்.

நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு தடவை இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டோம். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்... அந்தக் குழப்பம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அப்போதும் எனக்குக் கம்பத்தில்தான் வேலை. கம்பத்தில் குடியிருக்கிறவனுக்கு இரண்டு உத்தியோகம். ஒன்று ஆபீஸ். இன்னொன்று, வருகிற சொந்தக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது. சனிக்கிழமை என்றால் குச்சனூர் சனீஸ்வரன் கோயில். யானை பார்க்கத் தேக்கடி. குளிக்கச் சுருளி அருவி. பார்த்ததையே பார்த்து, "ஆகா!" என்று சொன்னதையே சொல்லி... அதற்குச் சம்பளம் கிடையாது, பெயர் மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் கெட்ட பெயர்.

அந்தக் கெட்ட பெயரில்தான் எனக்கும் என் மனைவி சரோஜாவுக்கும் பெரிய சண்டை. என் சித்தப்பா வந்தபோது அவள் வெறும் உப்புமாவைக் கிண்டி வைத்துவிட்டாள். கேட்டேன். "எங்க ஆளுக வந்தப்ப நீங்க பேப்பருக்குள்ள மூஞ்சிய ஒளிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீகளே, அது மட்டும் மரியாதையா?" என்றாள். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்புறம் ஒருவழியாகச் சமாதானம். இனி அவள் ஆட்கள் வந்தால் நான் தாங்குவேன், என் ஆட்கள் வந்தால் அவள் தாங்குவாள்.

அந்தச் சமாதானத்தின் ஈரம் காய்வதற்குள் அவர்கள் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆபீஸிலிருந்து வந்தேன். கூடத்தில் ஒரு வயசான தம்பதி. அந்த அம்மாள் முன்னால் ஒரு பை நிறையச் சேவு. சரோஜா முகமெல்லாம் சிரிப்பாகக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அந்த அம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"வாங்கத்தை" என்றேன். யாரென்று தெரியாத அம்மாளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அருப்புக்கோட்டைப் பக்கமாம். சரோஜாவுக்கு அந்தப் பக்கத்தில் யார் என்று யோசித்துப் பார்த்தேன். புரியவில்லை. கேட்டுவிடலாம் என்கிறீர்களா? எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களிடம் "நீங்க யாரு?" என்று கேட்பதைவிடப் பெரிய செருப்படி கிடையாது. சரோஜாவிடம் கேட்கலாமா? "பாத்தீகளா, எங்க ஆளுகளையே தெரியல ஒங்களுக்கு!" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாகும். வாயை மூடிக்கொண்டேன்.

ராத்திரிக்குக் கோழிக்குழம்பு. சித்தப்பாவுக்கு உப்புமா, இவர்களுக்குக் கோழியா என்று ஒரு கணம் உறுத்தியது. சமாதானத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன். மறுநாள் லீவு போட்டேன்.

"கடைக்குப் போகலயா ராசா?" என்றார் அத்தை.

"நீங்க வந்திருக்கீக... போவேனா?"

"பாத்தீகளா, நமக்காகக் கடைய அடைச்சிட்டான்" என்று கணவரிடம் சொல்லி மூக்கை உறிஞ்சினார். ஆபீஸைக் கடை என்கிறாரே... போகட்டும், சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கும்.

குச்சனூரில் எள் தீபம் வாங்கினார். "அவிட்டத்துக்கு இப்ப நேரம் சரியில்ல ராசா. நீயே ஒங்கையால ஏத்து" என்று நீட்டினார். எனக்குச் சித்திரை நட்சத்திரம். சரோஜா சொல்லித்தானே இவருக்குத் தெரிந்திருக்கும்? கட்டின புருஷனின் நட்சத்திரம்கூடத் தெரியாமல் ஒருத்தி! மனத்தாங்கலோடு அவிட்டத்துக்காக விளக்கேற்றினேன். யாருக்கோ நல்லது நடந்திருக்கும்.

தேக்கடியில் இன்னும் மோசம். படகில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து யானையைப் பார்க்கிறார்கள். அத்தை மட்டும் என்னைப் பார்க்கிறார்.

"அங்கன பாருங்கத்தை, குட்டியோட நிக்கிது!"

"யானைய எப்ப வேணாலும் பாத்துக்கிடலாம். நீ இங்கிட்டுத் திரும்பு ராசா."

திரும்பினேன். "அந்த நெத்தி... அப்பிடியே அப்பன் நெத்தி" என்றார். என் அப்பாவை இவர் எப்போது பார்த்தார்? எங்கள் கல்யாணத்திலா? என் அப்பாவுக்கு நெற்றியே தெரியாதபடி முடியாயிற்றே! யானை போய்விட்டது. நான் நெற்றியைத் தடவிக்கொண்டே கரையேறினேன்.

அந்த மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எங்கள் வீட்டு முன்னறைக்குள் நுழையும்போதெல்லாம் ஆழமாக மூச்சை இழுத்து, தலையை ஆட்டிக்கொள்வார். ஏதோ பிராணாயாமம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் பேசிக்கொண்டு சுருளிக்குப் போனோம். குளித்து, சாப்பிட்டு, ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அத்தை திடீரென்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ராசா, பழசை மனசுல வைக்காம எங்கள இப்பிடித் தாங்குற. வைகாசியில ஒம் மச்சினிக்குக் கல்யாணம். எங்கண்ணன் உசுரோட இருந்தா அவரு சீரோட வந்து நிப்பாரு. அவரு இல்ல. தாய்மாமன் வீட்டுச் சீரில்லாம எம்பொண்ணு மணவறையில ஏறுனா ஊரு காறித் துப்பும்யா. அண்ணன் மகன் நீதான் வந்து நிக்கணும்."

அண்ணன் மகனா? என் அப்பாவுக்குக் கூடப் பிறந்த பெண்களே கிடையாது. தவிர, என் அப்பா ஆண்டிபட்டியில் நன்றாக இருக்கிறார். அந்த வாரம்தான் எனக்கு நிலக்கடலை கொடுத்துவிட்டிருந்தார்.

சரோஜாவைப் பாறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஒங்க அத்தை என்ன சொல்றாக?"

"எங்க அத்தையா? ஒங்க அத்தைன்னுல்ல நான் கோழி அடிச்சேன்!"

"நான் ஒங்க ஆளுன்னுல்ல லீவு போட்டேன்!"

இரண்டு பேரும் பாறைக்கு மேலே தலையை நீட்டி அத்தையைப் பார்த்தோம். அத்தை ஈரத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

மாமாவைத் தனியாக அழைத்துப் பக்குவமாகச் சொன்னேன். அவர் பதறவில்லை. "ஒங்களுக்கு ஏலக்காக் கடை இல்லியா தம்பி?" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்தவர் ஏலக்காய் வியாபாரி. முன்னறையில்தான் மூட்டை அடுக்கியிருந்தாராம். அந்த வாசனை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. ஆள் போடிக்குக் குடிபோய்விட்டார். தெருவில் அது இன்னும் 'ஏலக்காக்காரர் வீடு'தான். இவர்களும் அப்படித்தான் விசாரித்து வந்திருக்கிறார்கள். அத்தை அந்த அண்ணன் மகனைக் கடைசியாகப் பார்த்தது அவன் அரைஞாண் கயிறோடு திரிந்தபோது.

"எனக்கு நேத்தே சந்தேகந்தான் தம்பி. கடைக்கு ஒருத்தரும் தேடி வரலயே" என்றார் மாமா.

"அப்பவே கேட்டிருக்கலாமே மாமா?"

"சோறு போட்ட வீட்டுல ஒக்காந்துக்கிட்டு, நீங்க யாருன்னு எப்பிடித் தம்பி கேக்குறது?"



அத்தைக்குச் சொன்னபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "அடி ஆத்தா... அப்ப யாரு வீட்டுச் சோத்தத் தின்னோம்?" அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கண்ணன் மகன் போடியிலதான இருக்கான்? கொண்டுபோய் விட்டுரு ராசா" என்றார்.

வீட்டிலிருந்து சேவுப் பையையும் எடுத்துக்கொண்டு அதே ஜீப்பில் போடிக்குப் போனோம். வழியெல்லாம் அத்தை, கேட்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். பழைய தகராறு என்ன என்று அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாங்கள்தான் எதையும் கேட்கிற ஜாதி இல்லையே!

பெரிய வீடு. கதவைத் திறந்தவருக்கு என் வயசுதான் இருக்கும். அகலமான நெற்றி. யானைக்கு எதிரே உட்கார்ந்து அத்தை என்னிடம் தேடியது அந்த நெற்றியைத்தான்.

"ராசா... ஒங்க அத்தைய்யா. ஒங்கப்பங்கூடப் பொறந்தவ" என்றார் அத்தை. போட்டு வந்த ஒத்திகையெல்லாம் மறந்துவிட்டது. அவ்வளவுதான் வந்தது.

அவர் அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். மாமாவையும் பார்த்தார். தெரிந்துகொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "யாருங்க வந்திருக்காக?" என்று கேட்டது.

அத்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் பதில் சொன்னார்.

"யாரோ... வீடு மாறி வந்துட்டாக."

கதவு சாத்தப்பட்டது.

அத்தை அழவில்லை. சேவுப் பையை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் மாதிரி மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என்ன செய்வதென்று புரியாமல் மாமாவைப் பார்க்க, மாமா தரையைப் பார்க்க, சரோஜா ஜீப்பிலிருந்து இறங்கினாள். நேரே போய் அந்தப் பையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வாங்கத்தை, நம்ம வீட்டுக்குப் போவோம். வைகாசியில என்னைக்குன்னு சொல்லுங்க. இவுகளுக்கு இப்பவே லீவுக்குச் சொல்லணும்."

வைகாசியில் போனோம். தேங்காய், பழம், பட்டுச்சேலைத் தட்டுகளோடு மேளத்துக்குப் பின்னால் நடந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "பொண்ணுக்கு நீங்க என்ன முறை?" என்று கேட்டார். நான் முழித்தேன். சரோஜா முழித்தாள். அத்தை முழிக்கவில்லை.

"எங்கண்ணன் மகன்" என்றார் சத்தமாக.

இந்த வெள்ளிக்கிழமை அத்தை வருகிறார். பேரப்பிள்ளைகளுக்கு யானை காட்ட வேண்டுமாம். "எங்க அத்தை வர்றாக, லீவு போட்டுருங்க" என்கிறாள் சரோஜா. "ஒங்க அத்தையா? அது எங்க அத்தை" என்கிறேன் நான்.

மூன்று நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.