பறவை பார்க்க லீவு

பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் எங்கள் கூடத்தில் கோடை லீவுக்கு ஒரு நடைமுறை உண்டு. பள்ளிக்கூடம் மூடியதும் வரும் முதல் வாரங்கள் பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு. அடுத்தது கல்யாணமானவர்களுக்கு. மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் மற்றவர்களுக்கு. மற்றவர்கள் என்றால் ஒரே ஒருத்திதான், செட் அக்கா. நாங்களெல்லாம் ஆளுக்கு ஒரு பல், இரண்டு பல் என்று செய்கிறோம். மேலும் கீழுமாக முழு வாய்க்கும் பல் செட் செய்பவள் அவள் மட்டும்தான், அதனால் அந்தப் பெயர். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு லீவு என்று மிஞ்சியது எப்போதும் மழைக்காலம்தான்.

இந்த நடைமுறையை யார் கொண்டுவந்தது என்று கேட்டால் முதலாளி கூரையைப் பார்ப்பார். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஆகவே எனக்கு இதில் லாபம்தான். ஆனாலும் நான் கோபக்காரி, உள்ளதைச் சொல்லிவிடுவேன். லாபம் எனக்கு வந்தாலும் அநியாயம் அநியாயம்தான்.

கூடம் என்று பெயர்தான் பெரிது, மொத்தம் மூன்று அறை. வாசல் அறையில் மாவு அண்ணன். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் வெள்ளைச் சுண்ண மாவைக் குழைத்து ஊற்றி வார்ப்பது அவர் வேலை. சாயங்காலம் புருவம் வரை வெள்ளையாகத்தான் வீட்டுக்குப் போவார். நடு அறையில் நானும் இன்னும் இரண்டு பேரும் பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுகிறோம். ஜன்னல் அறை செட் அக்காவுக்கு. சின்னச் சுடர் ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். கத்தி முனையைச் சூடு காட்டி, ஈறு நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டு போவாள். முன்பல்லில் ஒன்றை வேண்டுமென்றே ஒரு துளி திருப்பி வைப்பாள். “எல்லாத்தையும் நேரா வச்சா கடையில வாங்கின பல்லு மாதிரி இருக்கும்”என்பாள்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு ஊர் தேர்ந்தெடுப்பதிலும் கெட்டிக்காரி. வருஷா வருஷம் வெயில் ஏற ஆரம்பித்ததும் சாப்பாட்டு மேஜையில் பயண நிறுவனங்களின் வண்ணத் தாள்கள் வந்து விழும். எல்லோரும் அவளிடம்தான் கேட்போம். “வண்டியில யாருக்கு வாந்தி வரும்? யாரு காலையில எழுந்திருக்க மாட்டாங்க? சண்டை வந்தா யாரு முதல்ல பேசுவாங்க?”என்று விசாரிப்பாள். பிறகு ஒரு தாளைத் தட்டிக் காட்டுவாள். என்னையும் என் வீட்டுக்காரரையும் போர்ச்சுகலுக்கு அனுப்பினாள். தெரு முழுக்க ஊதாப் பூ கொட்டிக் கிடந்தது. அந்த மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என்னோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு நடந்தார். முதலாளி குடும்பம் கிரேக்கத் தீவுக்குப் போனதும் அவள் சொல்லித்தான். அவர் என்னவோ தானே கண்டுபிடித்த தீவு மாதிரி இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்.

இந்த வருஷமும் மாவு அண்ணன் தாள்களைப் பரப்பினார். “அக்கா, எங்களை எங்க நாடு கடத்தறதா உத்தேசம்?”

செட் அக்கா டிபன் பாக்ஸை மூடினாள். “நீயே பாத்துக்க தம்பி. இந்த வருஷம் எனக்குப் பாத்தாச்சு.”

மேஜையில் மெல்லும் சத்தம் நின்றுபோனது. எங்கே என்று நான்தான் கேட்டேன்.

“ஐஸ்லாந்து. பஃபின்னு ஒரு பறவை இருக்கு. குட்டையா, வெள்ளை வயிறு, மூக்கு மட்டும் ஆரஞ்சு கலர்ல பெரிசா. நடந்தா அளவு பத்தாத செருப்பைப் போட்டுக்கிட்டு விருந்துக்கு வந்த ஆளு மாதிரி இருக்கும். நம்ம பல் டாக்டர் ஒருத்தர் வீட்டு டிவியில பாத்தேன். அதை நேர்ல பாக்கணும்.”

மாவு அண்ணன் சிரித்ததில் மேஜை முழுக்க மாவு உதிர்ந்தது. “காலம் பூரா பல்லு செஞ்சீங்க, கடைசியில பல்லே இல்லாததைப் பாக்கவா அவ்வளவு தூரம்?”

“ஆமா. அதுங்க வாயில எனக்கு வேலை இல்ல பாரு, நிம்மதியா நின்னு பாக்கலாம்”என்றாள் அவள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். “அது கடல்லயே கெடக்கற பறவை. கோடை ஆரம்பத்துல குஞ்சு பொரிக்க மட்டும் கரைக்கு வரும், கோடை முடியறதுக்குள்ள கிளம்பிடும். எனக்குக் குடுக்கற மழைக்கால லீவுல போனா வெறும் பாறையைத்தான் பாக்கணும்.”

பயண அலுவலகத்துக்குத் துணைக்கு நான் போனேன். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு இந்த ஆசை கொஞ்சமும் புரியவில்லை. “ஒரே ஊர்லயேவா இருக்கப் போறீங்க? அவ்வளவு தூரம் போறீங்க, அப்படியே லண்டன், பாரிஸ் எல்லாம் சேத்துக்கலாமே மேடம்”என்று தாளை நீட்டினாள். அக்கா அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “அவ்வளவு தூரம் போறதே இதுக்குத்தாம்மா.” கூட யார் வருகிறார்கள் என்று அந்தப் பெண் அடுத்த கேள்வியைப் போட்டாள். “யாரும் இல்ல. ஜன்னலோர சீட் கிடைச்சா போதும்”என்றாள் அக்கா.

அக்காவின் தம்பி போனில் ஒரு பாட்டம் அழுதார். இந்த வயதில் தனியாகவா, முட்டி வலி வேறு, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று வழக்கமான பல்லவி. கடைசியில் பெரிய மனது பண்ணி, “எங்ககூட வாக்கா, நாங்க சிங்கப்பூர் போறோம். பிள்ளைங்களைப் பாத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும்”என்றார். “உன் பிள்ளைங்களை இங்கயே பாத்துக்கறேன். பஃபினை அங்கதான் பாக்க முடியும்”என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

இதெல்லாம் சில்லறைச் சண்டை. பெரிய சண்டை லீவுதான்.

முதலாளியின் அறைக் கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது. “கோடை ஆரம்பத்துலயா? வீட்ல ஏதாவது விசேஷமாம்மா?”

“விசேஷம் ஒண்ணும் இல்ல சார். பறவை பாக்கப் போறேன்.”

அவர் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “பிள்ளை குட்டிக்காரங்களே அந்த வாரத்துக்கு அடிச்சுக்கறாங்க. பறவைக்குன்னு லீவு குடுத்தா என்னை யாராவது மதிப்பாங்களா? உருப்படியா ஒரு காரணம் இருந்தா வாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னல் அறைக்குப் போய், “உங்களுக்குப் பிழைக்கத் தெரியலக்கா. யாருக்காவது சீக்குன்னு சொல்ல வேண்டியதுதானே”என்றேன். எங்கள் கூடத்தில் லீவு கேட்கும் விதமே அதுதான். மாவு அண்ணன் ஒரே தாய்மாமனை இரண்டு தடவை அடக்கம் செய்திருக்கிறார். முதலாளியும் இரண்டு தடவை துக்கம் விசாரித்திருக்கிறார்.

அவள் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “சாவு, சீக்கு, கல்யாணம். இதுக்கு மட்டும்தான் நான் வாசல் தாண்டணுமா? ஆசையா இருக்குன்னு சொன்னா அது காரணம் ஆகாதா?”

“ஆகாது. இங்க ஆகாது.”

“அப்ப ஆக்கிடுவோம்”என்றாள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

இந்த இடத்தில் மாவு அண்ணன் உதவி செய்கிறேன் பேர்வழி என்று உள்ளே புகுந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தார். முதலாளியைத் தனியாகப் பார்த்து, செட் அக்காவுக்கு ஐஸ்லாந்தில் கூடப்பிறந்த அக்கா ஒருத்தி இருக்கிறாள், படுத்த படுக்கை, இன்றோ நாளையோ, பாவம் வெளியே சொல்ல மனசு வராமல் பறவை என்று மழுப்புகிறாள் என்று அவிழ்த்துவிட்டார்.

முதலாளி கல்நெஞ்சக்காரர் இல்லை. நேராக ஜன்னல் அறைக்கு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. “என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன அந்நியனா? லீவு குடுத்தாச்சு. போய்ப் பாத்துட்டு வாங்க, அதுவரைக்கும் உசிரைப் பிடிச்சு வச்சிருப்பாங்க.”

“யாரு சார்?”

“உங்க அக்காதான்.”

அவர் முதுகுக்குப் பின்னால் மாவு அண்ணன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். நான் இருமினேன். இருமி இருமித் தொண்டையே வறண்டுவிட்டது. அவள் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள், விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை, அதுகூட வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டிருந்தால் போதும்.

“எனக்கு அக்கா கிடையாது சார். வீட்டுக்கு மூத்தவ நான்தான். தம்பி ஒருத்தன் இருக்கான், கல்லு மாதிரி இருக்கான். நான் பறவை பாக்கத்தான் போறேன்.”

முதலாளி முகம் சிவந்தது. மாவு அண்ணனைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. “லீவு கிடையாது”என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அன்றைக்கு அவளை ஒரு பிடி பிடித்தேன். கிடைத்த லீவைத் தூக்கி யாராவது குப்பையில் போடுவார்களா என்று கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். “சரி, பொய் சொல்லிட்டுப் போறேன். திரும்பி வந்ததும் என்ன பண்றது? அழுத மூஞ்சியோட உக்காரணும். எல்லாரும் வந்து துக்கம் கேப்பீங்க. அந்தப் பறவை எப்படி நடந்துது, நான் எப்படிச் சிரிச்சேன்னு யார்கிட்டயும் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் நீங்கல்லாம் ஊருக்குப் போயிட்டு வந்து என்கிட்ட கதை சொன்னீங்க. நானும் வந்து கதை சொல்லணும்.”

எனக்கு அழுகைதான் வந்தது, கோபத்தில் வந்த அழுகை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அவள் லீவைப் பற்றி மூச்சே விடவில்லை. அடங்கிவிட்டாள் என்று முதலாளி நினைத்தார். முழு செட் என்பது ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை. மெழுகில் பல் நட்டு டாக்டருக்கு அனுப்பி, அவர் நோயாளி வாயில் வைத்துப் பார்த்து, கடி சரியில்லை என்று திருப்பி அனுப்பி, மறுபடி நட்டு என்று போக்குவரத்து உண்டு. அவள் ஒவ்வொரு டாக்டருக்கும் தானே போன் போட்டாள். “கோடை முதல் வாரம் நான் இருக்க மாட்டேன் டாக்டர். அவசரம்னா முன்னாடியே அனுப்பிடுங்க, இல்லாட்டி வந்ததும் செய்யறேன்.” டாக்டர்களும் சரி என்று நோயாளிகளுக்கு நாளை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் முதலாளியிடமே, “உங்க ஆளு ஐஸ்லாந்து போறாங்களாமே, கொடுத்து வச்சவங்க”என்று சொல்லிவைத்தார்.

முதலாளி புயல் மாதிரி வந்தார். “நான் லீவு குடுக்கவே இல்லையே!”

“நானும் இப்ப கேக்கலையே சார். ஒரு தடவை கேட்டேன், இல்லன்னுட்டீங்க. இப்ப தகவல் சொல்றேன்.”

“வேலை போயிடும்.”

“அது நீங்க எடுக்க வேண்டிய முடிவு. என் முடிவை நான் எடுத்துட்டேன்.” குரல் லேசாக நடுங்கியது. அவளுக்கும் பயம் இருந்தது. இந்த வேலையை விட்டால் அவள் வயதில் இன்னொரு கூடம் ஏற்றுக்கொள்ளாது என்பது எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் கை மட்டும் மெழுகில் பல்லை நட்டுக்கொண்டே இருந்தது.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கியது. “ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்கம்மா. பொய்யாவே இருக்கட்டும், நான் நம்பிக்கறேன். நாளைக்கு ஒவ்வொருத்தரா வந்து ஆசையா இருக்குன்னு நின்னா நான் எங்க போவேன்?”

“என்கிட்ட உண்மையான காரணமே இருக்கு சார், பொய் எதுக்கு?”

அவள் கிளம்பிய காலை, ஜன்னல் அறையில் சுடர் எரியவில்லை. முதலாளிக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. நடு அறைக்கு வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் போனை எடுத்து ஒலிபெருக்கியைப் போட்டார். அவள் கெஞ்சுவாள், அதை நாங்கள் கேட்கட்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

“இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரே ஒரு காரணம் சொல்லுங்க, உங்க இடத்தை அப்படியே வச்சிருக்கேன்.”

விமான நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது. நடுக்கம் சுத்தமாக இல்லை. “சார், இப்பத்தான் பாஸ்போர்ட் பாக்கற எடத்தைத் தாண்டி வந்தேன். அங்க ஒரு அதிகாரி. எதுக்குப் போறீங்கன்னு கேட்டாரு. பறவை பாக்கன்னேன். சரின்னு முத்திரையைக் குத்தி அனுப்பிட்டாரு. முன்னப்பின்ன என்னைப் பாத்ததே இல்ல சார் அந்த மனுஷன். சொன்னதும் நம்பிட்டாரு.”

“ஏறச் சொல்றாங்க, வைக்கிறேன்”என்று அவளே வைத்துவிட்டாள்.

முதலாளி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, “வரட்டும், வந்ததும் பேசிக்கறேன்”என்று முணுமுணுத்துக்கொண்டே தன் அறைக்கு நடந்தார். வரட்டும் என்றுதான் சொன்னார். நாங்கள் எல்லோரும் காதால் கேட்டோம்.