ஆர்லனின் மீன்பிடிச் சீட்டும் மின்னசோட்டா வரியும்

ஆர்லன் டாலெஃப்சன் முப்பத்திரண்டு வருஷம் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். மனைவி வெர்னா இறந்த பிறகு வீட்டை விற்றுவிட்டு, ஏப்ரலில் மகள் கார்னா இருக்கும் பக்கத்து மாநிலமான தெற்கு டக்கோட்டாவுக்குக் குடிபோனார். பாசம் பாதி, வரி பாதி. ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த பணத்தை எடுத்தால் மின்னசோட்டா பங்கு கேட்கும். தெற்கு டக்கோட்டாவில் அந்தப் பேச்சே கிடையாது. அதனால் ஓட்டுநர் உரிமம், கார் நம்பர், ஓட்டுரிமைப் பதிவு எல்லாவற்றையும் மாற்றி முடித்துவிட்டுத்தான் பணத்தை எடுத்தார். மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, கூரை ஒழுகும் சின்ன வீடு ஒன்றை வாங்கினார். இவ்வளவு கெட்டிக்காரத்தனம் போதாதா? போதவில்லை.

டிசம்பரில் மின்னசோட்டாவில் தன் பழைய ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். உறைந்த ஏரியில் துளை போட்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பரமசுகம். தூண்டில் இரை விற்கும் கடையில், கடைக்காரி லோரெட்டா மீன்பிடி அனுமதிச் சீட்டுப் போடும்போது, "எப்பவும் போலத்தானே, ஆர்லன்?" என்றாள். அவருடைய பழைய விவரமெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது.

"ஆமா, ஆமா" என்றார் அவர்.

எப்பவும் போல என்றால் உள்ளூர்வாசிக்கான சீட்டு. வெளி மாநிலத்தவருக்கு விலை அதிகம். மனுஷன் விலையை நினைக்கவே இல்லை. அந்தக் கடையில் நின்றுகொண்டு தான் வெளியாள் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் மின்னசோட்டா வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. உள்ளூர்வாசி என்று மீன்பிடிச் சீட்டு வாங்கியிருக்கிறீர்களே, நீங்கள் எந்த மாநிலத்தவர்? எங்களவர் என்றால், எடுத்த பணத்துக்கு ஒன்பதாயிரம் டாலர் வரி கட்டுங்கள். கூரை மாற்ற அவர் வைத்திருந்ததே அவ்வளவுதான்.

"மீனாவது கெடச்சுதாப்பா?" என்றாள் கார்னா.

"ரெண்டு. சின்னது."

"ஒண்ணு நாலாயிரத்து ஐந்நூறு டாலர். ருசியா இருந்திருக்குமே!"

கேலி செய்தாலும் கடிதத்தோடு வந்த கேள்விப் படிவத்தை அவளே நிரப்பினாள். சீட்டு பழக்கதோஷத்தில் வாங்கியது என்று விளக்கமாக எழுதினாள். கடைசிக் கேள்வியைச் சத்தமாகப் படித்தாள்: "மின்னசோட்டாவுக்கு நிரந்தரமாகத் திரும்பும் எண்ணம் உண்டா? இல்லைன்னு போட்டுடறேன்."

"போடாதே."

"ஏம்பா?"

"அங்க கல்லறைத் தோட்டத்துல உங்கம்மா பக்கத்துல எனக்கும் இடம் வாங்கியாச்சு. கல்லுல என் பேரையும் வெட்டியாச்சு."

கார்னாவுக்குச் சிரிப்பு வந்தது. "செத்தப்புறம் போறதைப் பத்தி அவங்க கேக்கலப்பா."

"நிரந்தரமான்னுதானே கேட்டிருக்கான்? அதைவிட நிரந்தரமா எப்படிப் போறது? திரும்பி வரமாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட என்னால ஆகாது, கண்ணு."

பேனாவை வாங்கி, 'உண்டு' என்று எழுதினார். அந்த ஒரு வார்த்தைக்கு ஒன்பதாயிரம் டாலர் விலை என்று தெரிந்தேதான் எழுதினார். கார்னா எழுந்துபோய் அவருடைய காசோலைப் புத்தகத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள்.