கூப்பிடாமல் வந்து நிற்பவர்கள்

பெருங்கடல் நடுவே இருக்கிற சவாயித் தீவில் எங்கள் ஊர் மகளிர் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதைத் திறந்து மூடும் பொறுப்பு லூபேயுடையது. நாற்பத்தாறு வயது, உரத்த குரல். வலைப்பந்து ஆடின காலத்தில் எதிரணிப் பெண்கள் இவள் அதட்டலிலேயே பந்தைக் கீழே போட்டிருக்கிறார்கள். இப்போது ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவளும் அவள்தான். கோபம் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும், ஆனால் அரை நிமிடத்தில் சிரித்துவிடுவாள்.

கம்ப்யூட்டர் வந்த புதிதில் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்தது மரியாதை. ஊரின் மூத்த தலைவர் முலித்தாலோவின் மகன் ஆக்லாந்திலிருந்து லீவுக்கு வந்தவன், அப்பா பெயரில் வானிலை காட்டும் புரோகிராம் ஒன்றைப் போட்டான். பெட்டியைத் திறந்ததும் அவருடைய மேகம் தானாக ஓடி வந்து திரையில் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. சபையில் ஊருக்காகப் பேசுகிற தலைவர் லவேயா சும்மா இருப்பாரா? அடுத்த மாதமே அவர் பெயரில் ஒரு கடிகாரம் வந்தது, ரக்பி ஆட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவதற்கு. பிறகு பாதிரியாரின் கோயில் மணி. பிறகு யாரோ ஒருவரின் நீந்தும் மீன். மொத்தம் பத்தொன்பது. எதையாவது நிறுத்தினால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் கரி பூசியதாகிவிடும். "எங்க கடிகாரம் அந்த மீனுக்கு அப்புறமா வருது?" என்று லவேயா ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார். லூபே காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, கொக்கோ காய்ச்சிக் குடித்து, கூடம் முழுக்கப் பெருக்கி முடித்துவிட்டு வருவாள். அப்போதும் கடிகாரம் வந்துகொண்டுதான் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை நிலைமை அப்படிச் சிரிக்கிற மாதிரி இல்லை. தலைநகர் ஆப்பியாவில் நடக்கும் வலைப்பந்துப் போட்டிக்குப் பகல் பன்னிரண்டுக்குள் ஈமெயிலில் பெயர் அனுப்பியாக வேண்டும். பிள்ளைகள் மூன்று மாதமாகத் தென்னைமரத்தில் வளையம் கட்டி ஆடியிருக்கிறார்கள். படிவம் கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது. லூபேயின் கையிலிருந்த போனுக்குப் பேச மட்டும்தான் தெரியும். மூன்று நாளாக மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. வந்தால் அரைமணி நேரம் நிற்கும். பத்தொன்பதும் எழுந்து முடியவோ நாற்பது நிமிடம்.

பதினொன்று பத்துக்கு மின்சாரம் வந்தது. மணி அடித்தது, மேகம் நகர்ந்தது. பிள்ளைகள் ஏழு பேரும் வாசலில் நின்று நகத்தைக் கடித்தார்கள். சேதி கேட்டு முலித்தாலோவும் லவேயாவும் பாதிரியாரும் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். லூபே பல்லைக் கடித்துக்கொண்டு, தானாக எழுகிறவற்றின் பட்டியலை ஒருவழியாகத் திறந்து, முதலில் இருந்த மேகத்தின்மேல் அம்புக்குறியை வைத்தாள்.

"ஏ, ஏ! யாரு வீட்டு மேகத்துல கை வைக்கிறே?" என்றார் முலித்தாலோ.

"ஐயா, எல்லாத்தையும் நிறுத்தினாத்தான் புள்ளைங்க பேரு போகும்."

"அப்போ அந்த மீன்லேருந்து ஆரம்பி. என் பேரை எடுத்துட்டாங்கன்னு பக்கத்து ஊர்க்காரன் சிரிக்கணுமா?"

"மேகம் நிக்கிற வரைக்கும் எங்க கடிகாரமும் நிக்கும்" என்றார் லவேயா.

லூபேக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. சபை கூடி ஆவா வேர்ச்சாறு குடிக்கிற அன்னிக்கு, முன்னாடியே எந்திரிச்சு வர்றது யாரு? தண்ணி தூக்குறவன். வேரை இடிக்கிறவன். கிண்ணம் கழுவுறவன். தலைவர் பட்டம் உள்ளவங்களுக்குக் கிண்ணம் எப்போ வரும்?"

"பேரைச் சொல்லிக் கூப்பிட்ட அப்புறம்" என்றார் லவேயா. அந்தப் பெயரைக் கூவுகிறவரே அவர்தான்.

"ஆங்! இந்தப் பட்டியல்ல இருக்கிறதெல்லாம் கூப்பிடாமலே விழுந்தடிச்சு ஓடி வர்ற ஆளுங்க. அதுல உங்க மேகத்துக்கு என்ன வேலை?"

முலித்தாலோவின் முகம் சிவந்தது.

"எவன்டா என் மேகத்தை எடுபிடி வரிசையில கொண்டு போயி நிறுத்தினது?"

"உங்க மகன்தான்."

"எடு அதை! இப்பவே எடு!"

"ஏம்மா, எங்க கடிகாரம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அதை மொதல்ல எடு!" லவேயா முழங்காலில் எழுந்தே விட்டார். பாதிரியார் கொஞ்சம் யோசித்தார். "நானும் மணி அடிக்கிறவன் இல்லியே, அடிக்கச் சொல்றவன்தானே. என்னோடதையும் எடுத்துரும்மா" என்றார்.

பெரியவர்களே எடுக்கச் சொன்னபிறகு மற்ற வீடுகளுடையதையும் சேர்த்து லூபே ஒவ்வொன்றாக நிறுத்தினாள். கடைசியாக மீனை நிறுத்திய கையோடு மின்சாரம் போயிற்று. அப்பப்பா, அந்தப் பதினைந்து நிமிடம் அவள் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! வாய்க்குள் ஜெபமும் வசவும் மாறி மாறி ஓடின. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விளக்கு எரிந்தது. ஒரே நிமிடத்தில் பெட்டி திறந்தது. பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கையில் பெயர்கள் போயின. "சேர்த்துக்கொண்டோம்" என்று பதிலும் வந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன. லூபே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முலித்தாலோ திரையை எட்டிப் பார்த்தார். "இப்போ அந்தப் பட்டியல்ல மிச்சம் இருக்கிறது யாரு?"

"வைரஸ் வராமப் பாத்துக்கிறது ஒண்ணு, கடுதாசி கொண்டு வர்றது ஒண்ணு. ரெண்டும் மகளிர் சங்கம் போட்டது."

"கூப்பிடாமலே எந்திரிக்குமா?"

"எந்திரிக்கும் ஐயா. நாங்க எந்திரிக்கலியா?"

முலித்தாலோ பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "தொண்டை காயுது. கொக்கோ வருமா?" என்றார், பொதுவாகக் காற்றைப் பார்த்து.

லூபே அசையவில்லை. "தானா வராது. பேரைச் சொல்லிக் கூப்பிடணும்."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முலித்தாலோ லவேயாவைப் பார்த்தார். லவேயா நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, சபையில் தலைவர்களைக் கூவுகிற அதே நீண்ட குரலில் அவள் பெயரைச் சொன்னார்.