கோழிக்குஞ்சுச் சத்தம்

சாரம் பக்கம் போய்ச் சின்னப்பாப்பா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். ஐம்பதைத் தாண்டிய பொம்பளைக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெருவுக்கு மறந்துவிட்டது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் பால் கொடுக்கக் கூப்பிடுகிற அக்கா என்று கேளுங்கள், வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள்.

அதுதான் அவள் வேலை. எடை போதாமல் பிறந்ததும், காமாலை கண்டதுமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பச்சைக் குழந்தைகளின் வார்டுக்கு அவள் வாசல்காரி. நேரத்துக்கு நேரம் கதவைத் திறந்து, வராந்தாவில் காத்துக் கிடக்கிற தாய்மார்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைக் கழுவவைத்து, அங்கியை மாட்டி உள்ளே அனுப்ப வேண்டும். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கடைசியாக வந்தாலும், அவள் வந்து சேரும்வரை கதவிடுக்கில் காலை நீட்டிவைத்துக்கொண்டு நிற்பாள். பசி அழுகை வேறு, ஈரத்துக்கு அழுகிற அழுகை வேறு, வராந்தாவில் நின்றே சொல்லிவிடுவேன் என்று அவளுக்கு ஒரு பெருமை உண்டு. பொய்ப் பெருமை இல்லை. நர்சுகளே அவளைக் கேட்பார்கள்.

புருஷன் மில்லில் இருந்தவர். மில்லை மூடியபோது கைக்கு வந்ததைக் கொண்டு கட்டிய வீடு. மேலே சிமெண்ட் ஷீட். அவர் போன பிறகு ஒரே மகள் செந்தமிழ்ச்செல்வியைப் படிக்கவைத்து, வில்லியனூரில் கட்டிக்கொடுத்தாள். கல்யாணத்துக்கு நாலு பேர் வந்துபோகிற இடமாயிற்றே என்று கூடத்து ஷீட்டுக்குக் கீழே வெள்ளையாகப் பிளாஸ்டிக் சீலிங் போட்டாள். அந்த சீலிங்குக்கும் ஷீட்டுக்கும் நடுவில்தான் வவ்வால்கள் குடியேறின. கட்டைவிரல் பெரிதுகூட இருக்காது ஒவ்வொன்றும். சுவரும் ஷீட்டும் சேருகிற மூலையில் ஒரு சந்து, பொழுது சாயும்போது அதன் வழியாக ஒவ்வொன்றாக நழுவி வெளியே போகும், விடிவதற்குள் வந்துவிடும். அவை பாட்டுக்கு இருந்தன, அவள் பாட்டுக்கு இருந்தாள். தெருவில் எல்லோரும் கொசுவை அடித்துக்கொண்டிருக்க, அவை தின்று தீர்த்த புண்ணியத்தில் இவள் வாசலில் உட்கார்ந்து நிம்மதியாகப் பூக்கட்டுவாள்.

பொங்கலுக்கு சம்பந்தியம்மா ஜெயம் வந்தபோதுதான் வினை பிடித்தது. செல்வி அப்போது முழுகாமல் இருந்தாள். வாசற்படியில் கருஞ்சீரகத்தைக் கொட்டினாற்போல் எச்சம் கிடந்ததை ஜெயம் பார்த்தாள். அண்ணாந்து சந்தைப் பார்த்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"வவ்வா அடையுற வூட்டுக்கா சம்மந்தி புள்ளய பிரசவத்துக்கு அனுப்பறது? இத ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா எங்கூட்லயே பாத்துக்கறோம்."

சின்னப்பாப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. பாழடைந்த வீட்டில்தான் வவ்வால் தொங்கும் என்று ஊரில் பேசுவது அவளுக்குத் தெரியாதா? ஆம்பளை இல்லாத வீடு பாழ்தானே என்று சம்பந்தி சொல்லாமல் சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டாள். ஊரான் பெற்ற பிள்ளைக்கெல்லாம் கதவு திறந்துவிட்டவளுக்கு, சொந்த மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரமாட்டாள் என்றால் எப்படி இருக்கும்! அன்று முதல் அவளுக்கு அது ஒன்றே நினைப்பு.

எதிர்வீட்டு அரிகிருஷ்ணன், புருஷனோடு மில்லில் வேலை பார்த்தவர், மிளகாயைப் போட்டுப் புகை மூட்டச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் சுருண்டு விழுந்துவிடுமாம். உசுரோடு இருப்பதைப் புகை போட்டுக் கொல்கிற பாவம் தனக்கு வேண்டாம் என்று அவள் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அந்தப் பதிலில் கொஞ்சம் மிதப்பும் இருந்தது, ஒளிப்பானேன். கோரிமேட்டு பஸ்ஸில் போகும்போது போனில் ஒரு வீடியோ பார்த்தாள். வவ்வால்களைத் துன்புறுத்தாதீர்கள், எந்தச் சந்து வழியாகப் போகின்றன என்று சாயங்காலத்தில் கவனியுங்கள், அவை வெளியே போன பிறகு அடையுங்கள் என்று ஒரு பையன் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. நிறுத்தம் வந்தது. வீடியோ பாதியில் நிற்க, போனை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மாசி மகம் கழிந்த வாரம், ஒன்பதாம் மாதத்து வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். ஜெயம் வீட்டில் தளம் போடுகிற வேலை நடந்ததால் சாரத்திலேயே வைத்துக்கொண்டு, அப்படியே பெண்ணை விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் சின்னப்பாப்பா ஏணியைச் சாத்திக் காத்திருந்தாள். கடைசி வவ்வாலும் போனதும் மேலே ஏறி, தன் பழைய யூனிபார்ம் சேலையைச் சுருட்டிச் சந்தில் திணித்து, மேலே சிமெண்டைக் குழைத்துப் பூசினாள். இறங்கிவந்து அரிகிருஷ்ணனைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடியவில்லை அவளால்.

"பாத்துக்கண்ணா. ஒண்ணுத்துக்கும் வலிக்காம அனுப்பி வச்சிட்டேன்."

விடிகாலையில் கோலப்பொடியோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். வவ்வால்கள் திரும்பி வந்திருந்தன. அடைத்த சந்தைச் சுற்றிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நகர்ந்து நகர்ந்து வழி தேடின. ஒன்று சிமெண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சேலை நுனியைப் பல்லால் பிடித்து இழுத்தது. எங்கேயாவது போகவேண்டியதுதானே, ஏன் இப்படி உயிரை விடுகின்றன என்று நினைத்துக்கொண்டே கூடத்துக்குள் வந்தாள். அப்போதுதான் சீலிங்குக்கு மேலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய கீச்சுக் கீச்சு. ஒன்று நிறுத்த ஒன்று.

யாரும் வந்து அவளுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. பசி அழுகை எந்த ஜென்மத்துக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது. போனை எடுத்து அந்த வீடியோவின் மிச்சத்தை ஓடவிட்டாள். குட்டி போட்டிருக்கும் சமயத்தில் மட்டும் தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள், தாய் இரை தேடப் போகும்போது பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளேயே இருக்கும், அவை பறக்கும்வரை பொறுங்கள் என்று அந்தப் பையன் அதே நிதானத்தோடு சொன்னான்.

ஏணி இன்னும் சுவரில்தான் சாய்ந்திருந்தது. சிமெண்ட் முழுதாய்க் காய்ந்திருக்காது. ஏறிக் குத்திவிட்டால் ஐந்து நிமிஷ வேலை. அவள் ஏணியில் கையை வைத்தாள். வைத்தவள் யோசித்தாள். வில்லியனூரிலிருந்து வேன் கிளம்பியிருக்கும். இப்போது திறந்தால் வவ்வால் எல்லாம் மறுபடி குடிவந்துவிடும், சம்பந்தி கண்ணில் படும், பெண்ணைத் திருப்பி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். விசேஷம் முடியட்டும், எல்லோரும் கிளம்பட்டும், அப்புறம் திறந்துவிடலாம். சாயங்காலம் வரைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பால் கொடுக்கப் பத்து நிமிஷம் தாமதித்து வருகிற தாய்க்காகக் கதவை மூடவிடாமல் நிற்கிறவள், ஏணியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் போட்டாள்.

விசேஷம் நன்றாகத்தான் நடந்தது. செல்வி பட்டுச்சேலையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், இரண்டு கை நிறைய வளையல், சுற்றிலும் கேலியும் சிரிப்பும். ஸ்பீக்கரில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் விழுந்த இடைவெளியில் மேலேயிருந்து அது கேட்டது. ஜெயம் வளையலை மாட்டிக்கொண்டே தலையைத் தூக்கினாள்.

"இன்னா சத்தம் சம்மந்தி அது?"

"அதுங்களா... எதிர்வூட்ல அண்ணன் கோழி வச்சிருக்காரு. குஞ்சு பொரிச்சிருக்கு."

அரிகிருஷ்ணன் பந்தலில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் கோழி ஏது, கோழியிறகுகூடக் கிடையாது. சட்டென்று சின்னப்பாப்பாவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த வெற்றிலையைத் துடைக்கத் தொடங்கினார். சின்னப்பாப்பா ஸ்பீக்கர்காரனிடம் போய், என்னப்பா கல்யாண வீடு மாதிரியா இருக்கு, சத்தமாக வை என்றாள். அவனும் வைத்தான். காது கிழிகிற சத்தத்துக்கு நடுவில் ஐந்து வகைச் சோற்றையும் அவள் ஓடியோடிப் பரிமாறினாள், வேண்டாம் என்றவர்களுக்கும் இன்னொரு கரண்டி வைத்தாள். ஒரு வாய்கூடத் தான் சாப்பிடவில்லை. ஜெயம் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சந்தை அடைத்ததைப் பாராட்டி, நிம்மதியாகப் பெண்ணை விட்டுவிட்டு வேன் ஏறினாள்.

பந்தல் காலியானதும் செல்வி கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்தாள். சின்னப்பாப்பா அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் போய் வீடு அமைதியாக இருந்தது.

"ம்மா. காலைல கத்துச்சே, அது ஏன் இப்ப கத்தல?"

சின்னப்பாப்பாவின் கை நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்து இந்தக் கூடத்தில் படுத்து எழுந்தவள் செல்வி. எதிர்வீட்டுச் சத்தம் எது, தலைக்கு மேல் சத்தம் எது என்று அவளுக்குத் தெரியாதா? இனி மூடி மறைக்க என்ன இருக்கிறது. அடைத்ததையும், விடிகாலையில் தெரிந்ததையும், ஏணியைத் தூக்கிப் பின்கட்டில் போட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, உனக்காகத்தானே என்று தொடங்கினாள். செல்வி வயிற்றில் கையை வைத்தபடி எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்காகன்னு மட்டும் சொல்லாதம்மா."

அதற்கு மேல் சின்னப்பாப்பாவால் உட்கார முடியவில்லை. ஏணியை இழுத்துவந்து சாத்தினாள். எதிரே அரிகிருஷ்ணன் எழுந்துவந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். கையுறை மாட்டிக்கொண்டு, உளியால் குத்திச் சிமெண்டைப் பெயர்த்து, சேலையை உருவினாள். பகலெல்லாம் எங்கே ஒண்டிக் கிடந்தனவோ, பொழுது சாய்ந்ததும் வவ்வால்கள் இரைக்குக்கூடப் போகாமல் நேராக வந்து சந்துக்குள் நுழைந்தன. உள்ளே போன சில உள்ளேயே இருந்துவிட்டன. சில உடனே வெளியே வந்தன, மறுபடி உள்ளே போயின, மறுபடி வெளியே வந்து வாசலுக்கு நேரே வட்டமடித்தன. வராந்தாவில் கண்ணாடி வழியாகத் தன் குழந்தையின் பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்த தாய்மார்களைச் சின்னப்பாப்பா பார்த்திருக்கிறாள். அவளால் அண்ணாந்து நிற்க முடியவில்லை. உள்ளே வந்துவிட்டாள்.

மறுநாள் சமையலறைப் பக்கத்துச் சீலிங் துண்டு ஒன்றைக் கழற்றிப் பார்த்தாள். புளியங்கொட்டை அளவில், மயிர்கூட முளைக்காமல், சுருண்டு கிடந்தன. எத்தனை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஜெயத்துக்குப் போன் போட்டாள். கோழிக்குஞ்சு என்றது பொய், சந்தைத் திறந்துவிட்டேன், மிச்சக் குட்டிகள் பறக்கிற வரைக்கும் அடைக்கமாட்டேன் என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

"வவ்வாவ கூட வுட்டுடுங்க சம்மந்தி. எம் மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னீங்களே அதான்."

அன்றைக்கே வண்டி வந்தது. செல்வி அம்மாவைக் கோபிக்கவில்லை. புறப்படும்போது அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுத்தான் ஏறினாள். அதுதான் சின்னப்பாப்பாவை இன்னும் கொன்றது. மகளுக்கென்று வாங்கி வைத்த பிரசவ லேகியத்தை அவள் வண்டியிலேயே கொடுத்தனுப்பினாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அந்தச் சந்தையே பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. பூக்கட்டுவதில்லை, சும்மா உட்காருவாள். பங்குனி வெயில் ஏற ஏற, தாய்களுக்குப் பின்னால் தடுமாறிக்கொண்டு சின்னவை சிலவும் வெளியே வரத் தொடங்கின. எல்லாம் நன்றாகப் பறக்கப் பழகட்டும் என்று காத்திருந்து, அந்த வீடியோப் பையன் காட்டியபடி கொசுவலைத் துணியை மேலேயும் பக்கங்களிலும் மட்டும் ஒட்டி, கீழே திறந்துவைத்துத் தொங்கவிட்டாள். நழுவி வெளியே போகலாம், திரும்ப உள்ளே வர வழி தெரியாது. பல நாள் பார்த்து, ஒன்றும் வெளியே வராது என்று நிச்சயமான பிறகே சந்தைப் பூசினாள். இப்போது யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

செல்விக்குக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. லேசாகக் காமாலை, நீல விளக்கு வெளிச்சத்தில் வைக்கக் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். பால் கொடுக்கிற நேரம் வந்தது. சின்னப்பாப்பா கதவைத் திறந்து வழக்கம்போலப் பெயர்களைக் கூப்பிட்டாள். மகள் பெயரையும் அதே வரிசையில் கூப்பிட்டாள். வராந்தாவின் கோடியிலிருந்து செல்வி ஜெயத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தாள். சின்னப்பாப்பா கதவிடுக்கில் காலை நீட்டிவைத்துக்கொண்டு நின்றாள். அங்கியை மாட்டி மகளை உள்ளே அனுப்பினாள்.

ஜெயம் வாசலிலேயே நின்றாள். வளைகாப்புக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் நிற்பது இப்போதுதான்.

"அந்தக் குட்டிங்கல்லாம் பறந்துடுச்சா சம்மந்தி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஜெயம் அதைத்தான் எதிர்பார்த்தாள், சமாதானமாகப் போவதற்காகவே கேட்டாள். சின்னப்பாப்பாவுக்கும் அது தெரிந்தது.

"எல்லாம் இல்லீங்க" என்றாள்.

உள்ளே குழந்தை ஒன்று அழுதது. ஈரத்துக்கு அழுகிறதா, பசிக்கு அழுகிறதா என்று ஜெயம் கேட்டாள். சின்னப்பாப்பா தலை நிமிராமல், நர்சம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.