ராத்தா குதிரைக்காரருக்குக் கொடுத்த மேட்டுக்காணி

எங்கள் ராத்தா, என் மூத்த சகோதரி, இறைவனிடம் மீண்டு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி அழகாக எழுதித் தருமாறு அவருடைய ஒரே மகள், என் மருமகள், கேட்டாள். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் காலம் முழுவதும் அறிக்கை எழுதி ஓய்வுபெற்றவனுக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

ராத்தா கல்முனையில், எங்கள் உம்மாவின் வளவில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நிக்காஹின்போது வாப்பா அவருக்கு இறக்காமத்தில் வயலும், அதையொட்டிய மேட்டுக்காணியும் சீதனமாக எழுதினார். மச்சான் இளவயதிலேயே மௌத்தாகிவிட, கைக்குழந்தையோடு ராத்தாவே வேளாண்மையை ஏற்றார். யுத்தகாலத்தில் அந்தப் பக்கம் போக முடியாமல் வயல் பற்றைக்காடாகிப்போனது. பாதை திறந்ததும் முதலில் போனவர்களில் அவரும் ஒருவர். வயற்காரர்களுக்கு அவர் வாய்வாக்கில்தான் காணி கொடுத்தார். பயிர் நிற்கும்போது எவரையும் காணியை விட்டு எழும்பச் சொன்னதில்லை.

இந்த நற்குணம்தான் என் ஓய்வுகாலத்தைக் கெடுத்தது.

றியாஸ் என்ற இளைஞரும் தம்பிலுவிலைச் சேர்ந்த அவருடைய கூட்டாளியும் குதிரைகள் வைத்திருந்தார்கள். கலியாண வீடுகளில் மாப்பிள்ளையை ஏற்றுவது, கடற்கரையில் வெளிநாட்டாரை ஏற்றுவது, இதுதான் தொழில். ஊருக்குள் குதிரைகளைக் கட்ட இடமில்லாமல் ராத்தாவிடம் மேட்டுக்காணியைக் குத்தகைக்குக் கேட்டார்கள். அவர் கொடுத்துவிட்டுப் பிறகுதான் எனக்குச் சொன்னார். நொத்தாரிசும் இல்லை, சாட்சியும் இல்லை, முடிவுத் திகதியும் இல்லை. எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன்.

“ஒரு போகத்துக்கு.”

“ராத்தா, போகம் நெல்லுக்கு. குதிரைய எப்ப அறுக்கிற?”

“ஒனக்கு எல்லாத்திலயும் நக்கல். அவனுகள் நல்ல புள்ளயள்.”

நல்ல பிள்ளைகள்தான். குதிரைகளுக்கு அது தெரியவில்லை. கதிர் முற்றும் நேரத்தில் ஒன்று வேலி பாய்ந்து பக்கத்து வயலில் இறங்கியது. வயல் சொந்தக்காரர் கமநல சேவை நிலையத்தில் முறையிட்டார். கட்டாக்காலி மாடுகளுக்கு அங்கே நடைமுறை இருந்தது. குதிரைக்கு என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை. ஓய்வுபெற்ற என்னைத் தேடி வந்து ஆலோசனை கேட்டார்கள். நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, ராத்தா அந்த மனிதரை வீட்டுக்கு அழைத்துச் சோறு கொடுத்து, தன் நெல்லிலிருந்து ஈடு செய்து விடயத்தை முடித்துவிட்டார். என் பங்குக்கு ஓர் உரப்பை நிறையக் குதிரை லத்தி வந்தது, வீட்டுத் தோட்டத்துக்காம்.

இதற்கிடையில் மருமகளின் கணவருக்கு இறக்காமத்துப் பாடசாலைக்கு இடமாற்றம் வந்தது. பிள்ளைகளோடு ஒழுகுகிற வாடகை அறையில் குடியேறினார்கள். மேட்டுக்காணியை ராத்தா முன்பே மகள் பெயருக்கு எழுதி, தான் உயிரோடிருக்கும்வரை ஆளும் சீவிய உருத்தை மட்டும் வைத்திருந்தார். அதில் வீடு கட்டுவதென்று முடிவாகியது. மாரி மழைக்கு முன் அத்திவாரம் வெட்டாவிட்டால் ஒரு வருடம் வீணாகும். அந்நேரம் சிறுநீரகம் பழுதாகி ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தார். கட்டிலருகே இருந்து, குதிரைக்காரரை எழும்பச் சொல்லும்படி மன்றாடினேன்.

“ஏலாது தம்பி. பெட்டக் குதிர சினையா இரிக்கி. பயிர் நிக்கிற காணியில கை வெக்கப்படாது.”

“அது பயிரா ராத்தா?”

“பின்ன என்ன? வயித்துக்குள்ள நிக்குது. வாக்குக் குடுத்தவள் நான். நாளைக்குக் கப்றுக் குழியில என்னத்தான் கேப்பாங்க, ஒன்னயில்ல.”

சில நாட்களில் வபாத்தானார். என்னோடு அவர் கடைசியாகத் தெளிவாகக் கதைத்தது ஒரு குதிரையைப் பற்றி.

சீவிய உருத்து அவரோடு முடிந்தது. அவர் கொடுத்த வாக்கு மகளைக் கட்டுப்படுத்தாது. அதை முறைப்படி எழுதி எடுத்துக்கொண்டு, மருமகளையும் கூட்டிக்கொண்டு காணிக்குப் போனேன். ராத்தாவை மாமி என்று கூப்பிடும் றியாஸ் உடனே சம்மதித்தார்.

“ஓம் சேர், மாமிட புள்ளக்கி வீடு. லொறி கிடச்சா இந்தக் கிழமையே எழும்பிருவம். இத ஏத்தத்தான் பயமாரிக்கி,” என்று வயிறு தொங்கிய அந்தப் பெட்டைக் குதிரையைக் காட்டினார்.

மருமகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “அது குட்டி போடட்டும் மாமா. அத்திவாரத்த மழ விட்டாப் பொறகு வெட்டுவம்,” என்றாள்.

சட்டப்படி அவளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று விளக்கினேன்.

“தெரியும் மாமா. உம்மாக்கும் தெரிஞ்சிதானே இருந்த.”

குட்டி மழையோடு பிறந்தது. பிள்ளைகள் அந்த மாரி முழுவதும் ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டு படித்தார்கள். மழை விட்டதும், எவரும் கேட்காமலே றியாஸ் காணியைத் துப்புரவாக்கி ஒப்படைத்துவிட்டுத் தம்பிலுவில் பக்கம் போய்விட்டார். இப்போது சுவர் எழும்புகிறது.

ராத்தாவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், ஜனாஸாவைக் குளிப்பாட்டிய சகோதரிகள், தோள் கொடுத்தவர்கள், மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய அயலவர்கள் அனைவருக்கும் குடும்பத்தின் நன்றி. குதிரைக்காரர் இருவருக்கும் நன்றி எழுதச் சொல்லி மருமகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். எழுதிவிட்டேன். இனியாவது குத்தகைக்குக் கொடுக்கக் காணி இல்லை, அல்ஹம்துலில்லாஹ் என்றேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு சும்மாதானே கிடக்கிறது, றியாஸ் கேட்டிருக்கிறார் என்கிறாள்.

ராத்தாவின் கப்று வெளிச்சமாக, விசாலமாக இருக்க இறைவனிடம் கையேந்தும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அதே துஆவில் எனக்குக் கொஞ்சம் பொறுமையையும் கேளுங்கள்.