கரண்ட் போனபோது அம்மா பேசினாள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை முத்துமாரியை நம்புகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கோயில் கமிட்டிக்காரர்கள் பக்தியோடும் பணிவோடும் எழுதச் சொன்னார்கள். பக்தி இருக்கிறது. பணிவு வரமாட்டேன் என்கிறது. நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துப் பல வருடம் ஆகியிருந்தது. மாடிப்படி ஏறினால் வாங்கும். லாரித் தண்ணீர் பிடித்துக் குடத்தை இடுப்பில் வைத்தால் வாங்கும். நான் வேலை பார்த்தது பருப்பு குடோனில், சலித்து மூட்டை கட்டுகிற வேலை. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில், தூசி. அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகத்தில் கரி, ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி, இந்த ஊரில் மூச்சு வாங்காதவர் யார் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். தெருவில் இருந்த கிளினிக் டாக்டர் என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததே இல்லை. வேலை எங்கே என்று கேட்டார், குடோன் என்றேன், உறிஞ்சுகிற மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டார். நானும் வருடக்கணக்கில் உறிஞ்சினேன்.

கால் இரண்டும் வீங்கி, ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தேன். அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கி ஒட்டிக் கிடக்கிறதாம். சின்ன வயதில் எனக்கு வந்த மூட்டுக் காய்ச்சல் செய்த வேலையாம். வால்வை மாற்றாவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொன்னார்கள்.

துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருடம் ஏமாந்தோமே என்று உடம்பெல்லாம் கொதித்தது. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் நின்றேன்.

"வருசா வருசம் உனக்குக் கூழு காச்சி ஊத்துறேனே. வெள்ளியில கண்ணு வச்சுகினு குந்தினு கீற. என் நெஞ்சுல இருக்கிறது உனக்குத் தெரியலியா? காப்பாத்துறியோ இல்லியோ, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு."

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். சாமியை அப்படிப் பேசினால் இன்னும் கெடுதல் வரும் என்றார். இதற்கு மேல் என்ன வரப்போகிறது என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன். பிரார்த்தனை என்றால் கண்ணை மூடிக் கையைக் கூப்புவது என்று நினைப்பவர்கள் மன்னிக்கவும். நான் செய்த பிரார்த்தனை அதுதான். ஒரு வார்த்தை சொல் என்று கேட்டேன். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். நெஞ்சில் கோளாறு என்று போனவளுக்குப் பல்லைப் பிடுங்கினார்கள். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தோடு போய்ப் புது வால்வில் உட்கார்ந்துகொள்ளும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு அந்த டாக்டரையும் திட்டினேன். மூச்சுப் பயிற்சி என்று ஒரு குழாயில் வாயை வைத்து உள்ளே இருக்கிற பந்துகளை மூச்சால் தூக்கச் சொன்னார்கள். முதல் பந்துகூட அசையவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், கோபப்படாதே, இருதயத்துக்கு ஆகாது என்றார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மாசியில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்தேன். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். குடம் தூக்கக் கூடாது. தலை சீவக்கூடக் கை உயராது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது எனக்கு அவமானமாக இருந்தது. எனக்கு வைத்தது உலோக வால்வு. சத்தம் இல்லாத நேரத்தில் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்கும். பக்கத்தில் படுத்தால் வீட்டுக்காரருக்கும் கேட்கும்.

"இன்னாமே, நெஞ்சுக்குள்ள வாட்சு கட்டிகினு கீற" என்பார். சிரித்தால் தைத்த இடம் வலிக்கும். அதற்கும் அவரைத் திட்டுவேன்.

ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும். கீரையைக் கண்டபடி சாப்பிட்டால் அந்த மாத்திரை வேலை செய்யாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்குள் ஒரு கட்டுக் கீரை வரவில்லை. அவ்வளவு கவனமாக இருந்தேன்.

அப்புறம் ஆடி வந்தது.

எங்கள் பக்கம் ஆடி என்றால் உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு தெருவில் கூழ் ஊற்றுவார்கள். கூழோடு கருவாட்டுக் குழம்பு, கை நிறைய முருங்கைக்கீரை. பிழைத்து வந்தவள் ஆயிற்றே, எல்லாத் தெருவிலும் கூப்பிட்டார்கள். நானும் எல்லா அம்மனிடமும் போனேன். கன்னியம்மா அக்கா தன் கையாலேயே எனக்குக் கீரையை அள்ளி வைத்தார்.

"அம்மா பிரசாதம்டி. ஒண்ணியும் பண்ணாது. துன்னு."

எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கூடச் சாமிப் பொங்கல் என்றால் ஒரு வாய் போட்டுக்கொள்கிற ஊர் இது. பிரசாதத்தை நாங்கள் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. நர்ஸ் சொன்னது கீரை. நான் சாப்பிட்டது பிரசாதம். என் மண்டையில் இரண்டும் வேறு வேறாக இருந்தன.

ஆடி முடிகிற நேரத்தில் மறுபடி மூச்சு வாங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானே அதைத் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

கடைசி ஞாயிறு எங்கள் தெருவில் கூழ். அன்றைக்கு நாலு எட்டு வைக்க முடியவில்லை. கத்தியைத் தாங்கிக்கொண்டு, நெஞ்செலும்பை அறுத்த ரம்பத்தைத் தாங்கிக்கொண்டு வந்தவளுக்கு மறுபடியுமா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கருவறைக்கு எதிரே உட்கார்ந்து அவளைத் திட்ட ஆரம்பித்தேன். தலைக்கு மேலே பெரிய ஸ்பீக்கர், தெருவே அதிர்கிற மாதிரி பாட்டு. நான் திட்டுவது என் காதுக்கே கேட்கவில்லை. இன்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லித் தொலை என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கரண்ட் போனது.

ஸ்பீக்கர் நின்றது. பம்பைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தெருவே கரண்ட் ஆபீஸைத் திட்டிவிட்டு, ஒரு நிமிடம் ஓய்ந்தது. எங்கள் தெருவில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. வழக்கம்போல நெஞ்சில் கையை வைத்தேன். டிக் சத்தம் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இல்லை.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னால் அவர் காதை என் நெஞ்சில் வைத்து அழுத்தினேன். அவர் முகம் மாறியது.

"சத்தம் வரலமே" என்றார்.

அடுத்த நிமிடம் ஆட்டோவில் இருந்தோம். ஆஸ்பத்திரியில் மறுபடி எக்கோ எடுத்தார்கள். வால்வில் ரத்தம் உறைந்து, அது சரியாகத் திறந்து மூட முடியாமல் சிக்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா என் முகத்துக்கு நேரே குனிந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். பிரசாதம் என்றேன். என்ன பிரசாதம் என்றார். சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் ஒரு நாள் வீட்ல இருந்திருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா. எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?"

எங்கள் அம்மா சொன்னாள் என்றேன். என்னைப் பெற்றவளைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவங்க புத்திசாலி என்றார்.

உறைந்ததைக் கரைக்க மருந்து ஏற்றினார்கள். மெல்ல மெல்லச் சத்தம் திரும்பி வந்தது. அது வருகிறவரை வீட்டுக்காரர் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. முதலில் கேட்டவர் அவர்தான். வார்டு என்றும் பார்க்காமல் விம்மி விம்மி அழுதார். அப்போது நானும் அழுதேன். கன்னியம்மா அக்கா வந்து, என் கையால் போட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். நன்றாகத் திட்டினேன். பிறகு அவர் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன்.

கரண்ட் போனது தற்செயல் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நானே லைன்மேனைப் பிடித்துக் கேட்டேன். சீரியல் லைட்டை இஷ்டத்துக்கு மாட்டியிருந்தார்கள், பியூஸ் போய்விட்டது என்றார். சரி. நான் கத்தின அந்த நொடியில் ஏன் போனது என்று கேட்டேன். அவர் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

என் கோபம் போகவில்லை. நெஞ்சைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதியவர் மேல் கோபம் இருக்கிறது. பிரசாதம் ஒன்றும் செய்யாது என்று நோயாளிக்கு ஊட்டுகிறவர்கள் மேலும் இருக்கிறது. அம்மா மேல் மட்டும் இல்லை. அவள் அன்றிலிருந்தே பேசிக்கொண்டுதான் இருந்திருப்பாள். என் வாயும் அந்த ஸ்பீக்கரும்தான் ஓயவில்லை. இப்போது கோயிலில் என்னைப்போல மாத்திரை போடுகிறவர்களுக்குக் கீரை வைக்க நான் விடுவதில்லை, கூழும் மாங்காயும் மட்டும்தான். மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் அவள் போட்ட உத்தரவு என்றே நினைத்து நடக்கிறேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, எங்கள் அம்மாவிடம் வாருங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு வாருங்கள். அவள் தாங்குவாள். கமிட்டிக்காரர்களோடு சண்டை போட்டு, சாயங்காலத் தீபாராதனை முடிந்ததும் கொஞ்ச நேரம் ஸ்பீக்கரை நிறுத்த வைத்திருக்கிறேன். திட்ட வேண்டியதை எல்லாம் ஸ்பீக்கர் நிற்பதற்குள் திட்டி முடித்துவிடுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.